கண் மூடியிருந்ததா

கண் மூடியிருந்ததா, திறந்திருந்ததா?
டொக்டர் ஸுல்பிகா முதலில் கேட்டது அது.
ஞானரூபன் என்னைப் பார்த்தார்.
ஆறு வருஷமாக விழுகிறவள் நான்,
விழுவதைப் பார்க்கிறவர் அவர்.
கண்ணை மட்டும் அவர் பார்க்கவில்லை.
ஓட்டோச் சாவியை என் கைக்குள் திணிப்பதில்
அவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்.

ஃபோனில் ஒரு வீடியோ இருந்தது.
சொந்தமெல்லாம் பார்த்து, நான் பார்க்காதது.
உப்புவெளி வீட்டுச் சீமெந்துத் தரையில்
ஒரு மனுசி தலையை
இல்லை, இல்லை என்பதுபோல்
அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டுகிறாள்.
நிற்கிறது. திரும்பத் தொடங்குகிறது.
பதினான்கு நிமிடம்.
இமைகள் இறுக்கிப் பூட்டியபடி.
பின்னால் யாரோ
குழம்பை இறக்கு என்பதும் கேட்கிறது.

பக்கத்துக் கட்டில் பொடியன் அனுசாந்துக்கு
கண் திறந்தபடிதான் வரும்.
ஒன்றரை நிமிடம். உதடு நீலம்.
நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த புண்.
பிறகு குறட்டை,
தாயையும் அடையாளம் தெரியாத உறக்கம்.
அவனுடைய கடதாசியில் கோடு
கருக்குமட்டை விளிம்புபோல் வெட்டி வெட்டிப் போனது.

என் தலையிலும் பசை பூசி வயர் ஒட்டினார்கள்.
அங்கேயே எனக்கு வந்தது.
அப்போதும் மூளைக் கோடு
உள்துறைமுகத் தண்ணீர் மாதிரிக் கிடந்ததாம்.
வெட்கமாக இருந்தது.
போன வருஷம் ஒரு மிஸ்ஸி சொன்ன "நடிப்பு"
சரியாகிவிட்டதே என்று.

"நடிப்பில்லை" என்றார் டொக்டர்.
"காக்கை வலிப்பும் இல்லை.
வருவது உண்மை. வருகிற வாசல் வேறு."
மூன்று குளிசையையும் ஒரேயடியாக விடவேண்டாம்,
மெல்ல மெல்லக் குறைப்போம் என்றார்.
அப்போ முடி கொட்டியதும் ஈறு வீங்கியதும்
எந்தக் காகத்துக்கு வைத்த சோறு?

சண்டையா, சுனாமியா, வீட்டுக்குள்ளேயா
என்று மனநலப் பிரிவில் கேட்டார்கள்.
மூன்றுக்கும் என்னிடம் கதை உண்டு.
எதைச் சொன்னபோதும் கை நடுங்கவில்லை.
ஐஸ் கொம்பனிச் சைரனைப் பற்றிச்
சும்மா ஏதோ சொல்லும்போது
பெருவிரல் தானாக உள்ளே மடிந்தது.
அவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள்.
அடுத்த புதன் வரட்டாம்.

கரைவலை இழுப்பதையும்
அப்பா வலிப்பது என்றுதான் சொல்லுவார்.
கரையில் நிற்பவனுக்குக் கயிறு தெரியும்.

திருமலை ஆஸ்பத்திரி வாசலில்
ஒரு மான் சொப்பிங் பையை முகர்ந்துகொண்டு நின்றது.
ஞானரூபன் பழக்கத்தில் சாவியை நீட்டினார்.
அது ஓட்டோவுக்கு என்றேன்.