வடிதாள்

கொயைக்கே நகரில் ஜூலை. மணி எட்டாகியும் இருட்டு.
எலியானா கூரையேறி
நேற்றைய வடிதாளைக் கழற்றிப் புதிதொன்று வைக்கிறாள்.
நேற்று அதுவும் பால்வெள்ளை.
இப்போது தேயிலைச் சக்கையின் நிறம்.

தராசுக்கு மைக்ரோகிராம்தான் தெரியும்.
மூச்சை அடக்கிக்கொண்டு படிக்கவேண்டும்.

பேருந்து பிரேக்கில் தேய்ந்த செம்பு, துளி.
என்றோ வெடித்த எரிமலையின் சாம்பல்
காற்று கிளறக் கிளற இன்னும் வருகிறது.
இத்தனை மலை தாண்டி எப்படியோ கடலுப்பு.
மிச்சமெல்லாம்
மரம் எரிந்தால் மட்டுமே பிறக்கும் ஒரு சர்க்கரை.
யார் வீட்டு அடுப்பென்று அது சொல்லாது.

மாலை, மகன் குளிக்க வெந்நீர்.
காயாத லெங்கா விறகு சீறுகிறது,
முனையில் நுரை தள்ளுகிறது.
முற்றத்தில் நின்று பார்க்கிறாள்:
புகைபோக்கியைத் தாண்டியும் அது மேலே போகவில்லை.
அண்டை வீட்டுப் புகையில் கலந்து
ஆய்வகக் கூரைப் பக்கமாக நகர்கிறது.

காலையில் வைத்த தாள் அங்கேதான் இருக்கிறது.