நான்காம் பொருள்

பாளையங்கோட்டை, சைக்கிள் கடை மாடி.
நிர்வாகக் குழு ஐந்து பேர்.
களப்பணியாளர் பேச்சித்தாயோடு வந்த
முக்கூடல் பிள்ளைக்கு மூன்றரை வயது.

எட்டுக் கட்டைகளை அடுக்கிக் கோபுரமாக்க வேண்டும்.
அவள் கிடத்தினாள், சேர்த்துப் பிடித்தாள்,
மைதீன் பாத்துவின் அடையாள அட்டைக் கயிற்றை உருவி
இறுக்கச் சுற்றினாள்.

‘பூஜ்யம்’ என்றார் இயக்குநர் ஜெபசிங்.
பொருளாளர் செண்பகக்குத்தாலம்
வரவு செலவிலிருந்து தலை நிமிர்ந்தார்:
‘பீடிக்கட்டுல்லா கட்டுதா!’

படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
புதிதாய் ஒன்று போட
நிதி தருபவர் ஒப்பவேண்டுமாம்.
ஒத்திவைக்கப்பட்டது என்று
நான்தான் எழுதினேன்.

டீ வந்தது.
கட்டுக்கு இருபத்தைந்து.
மீதிப் பதினேழைத் தேடி
எங்கள் கால்களுக்கிடையே
தவழ்ந்துகொண்டிருந்தாள்.