நான்கெல்லைக்கு உட்பட்டது

வடக்கே: ஒரு வெள்ளை ஓக் மரம்.
மரம் இல்லை.
தொண்ணூறு வருஷத்துக்கு முன்
பத்திரம் எழுதியவர்களுக்கு இருந்தது.
சர்வேயர் ஒரு பள்ளத்தைக் காட்டி
இதுதான் மரம் என்றார்,
குறித்துக்கொண்டோம்.

கிழக்கே: ஓடையின் நடுநீர்.
தெற்கே: எண்ணெய்க் கம்பெனி
போட்டுவிட்டுப் போன மண்சாலை.
மேற்கே: பாறை.
நூற்றிருபதடி மணற்கல்,
கென்டக்கியின் மாலை வெயிலில்
பழுத்துக்கொண்டே போகும் முகம்.
ஏழு வருஷம் அதை
சாலையில் நின்றுதான் பார்த்தேன்.

ஏனென்றால் ஓர் அக்டோபர் ஞாயிறு
எங்களில் யாரோ கேட்டைத் தாழிடவில்லை.
யாரென்று இன்றுவரை தெரியாது.
நானாகவும் இருக்கலாம்.
டேக்கெட்டின் சினைப்பசு
சரிவிறங்கி
மரம் ஏற்றிய லாரிக்கு எதிரே நின்றது.

மறுநாள் சங்கிலி.
அதற்கு மறுநாள்
'நுழைந்தால் சுடப்படும்' என்று பலகை,
எழுத்துப் பிழையோடு.
ஒருவரும் சிரிக்கவில்லை.

மலை யாருக்கும் சொந்தமில்லை என்று
தீ மூட்டி உட்கார்ந்து பேசுவது சுலபம்.
காரை எங்கே நிறுத்துவது?
எங்கே மலம் கழிப்பது?
கால் பிசகியவனைத் தூக்கிவர
யார் நிலத்தை மிதிப்பது?
பாறைக்கும் சாலைக்கும் நடுவில்
நானூறு தப்படி.
அந்த நானூறில் ஒரு மனிதன் இருந்தான்.

அவன் விற்கிறான் என்று தெரிந்தபோது
லெக்சிங்டனிலிருந்து ஒருவர்
கண்ணாடிக் குடில்கள் கட்ட
விலை பேசிவிட்டுப் போயிருந்தார்.
எங்களிடம் இருந்தது
பீட்சா கடையில் ஓர் ஊறுகாய் ஜாடி.
அதில் பல் டாக்டர் ஒருவரின் காசோலை,
க்வின்டன் தன் வேனை விற்ற பணம்,
நாற்பத்தொரு சென்ட்
ஒரு காலுறையில் முடிந்தபடி.
மீதி கடன். பன்னிரண்டு வருஷத்துக் கடன்.

டேக்கெட் குறைவான விலைக்கு ஒப்புக்கொண்டார்.
காரணம் சொல்லவில்லை.
'குடிலில் இருப்பவன் என் விளக்கைப் பார்ப்பான்'
என்று மட்டும் ஒருமுறை முணுமுணுத்தார்.

பதிவு அலுவலகத்தில்
வெர்லா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தாள்.
நான்கெல்லைக்கு உட்பட்ட முப்பத்தெட்டு ஏக்கரும்
நிதி நிட்சேபம் ஜலம் தரு பாஷாணம்
சகலமும் சேர
சர்வ சுதந்திர பாத்தியமாய்…

பாஷாணம் என்றால் கல்.
பாஷாணம் என்றால் நஞ்சும்.
எந்தப் பத்திரத்திலும்
இரண்டும் சேர்ந்தேதான் கை மாறும் போல.

கையெழுத்திட்ட இரவு எனக்குத் தூக்கமில்லை.
இனி
சுவரில் துருப்பிடித்த போல்ட் ஒவ்வொன்றும் என்னுடையது.
மழைக்கு அரித்த பாதை என்னுடையது.
காப்பீட்டுத் தவணை, கழிப்பறை வாளி,
பிப்ரவரி முதல் ஜூலை வரை
இடது முகட்டில் குஞ்சு பொரிக்கும் வல்லூறுக்காக
'இந்தப் பக்கம் ஏறாதீர்' என்று
நானே நட வேண்டிய பலகை.
அதை எழுத்துப் பிழை இல்லாமல் எழுத
மூன்று தடவை முயன்றேன்.

மே மாதம் திறந்தோம்.
சின்சினாட்டியிலிருந்து பள்ளிக்கூடப் பேருந்து.
இமானி என்ற பெண்
முதல் நாலடியிலேயே உறைந்து
கன்னத்தைக் கல்லில் ஒட்டிக்கொண்டு
இது சூடாக இருக்கிறது என்று கத்தினாள்,
புகார் சொல்லும் குரலில்.
கீழே கயிறு பிடித்திருந்தேன்.
அவள் கனம்
என் இடுப்பில் வந்து அமர்ந்தது.

மத்தியானம் டேக்கெட் வந்தார்.
கார்கள் நிற்கும் இடத்தில்
பன்னிரண்டையும் எண்ணினார்.
பணப்பையைத் திறந்து
'எவ்வளவு?' என்றார்.
கட்டணம் இல்லை என்றேன்.
'எனக்கா?'
எல்லாருக்கும்.
அவருக்குப் பிடித்ததாகத் தெரியவில்லை.
பாறைப் பக்கம் போகவும் இல்லை.
சரளையைச் செருப்பால் சீண்டிப் பார்த்தார்,
வடிகால் சாய்வு போதாது என்றார்.
உண்மைதான், போதாது.

திரும்பிப் போகையில்
கேட்டைத் தாண்டி
கொஞ்ச தூரம் நடந்தவர்
நின்று
மறுபடி வந்தார்.

தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார்.
விழுந்திருந்தது.
இன்னொரு முறை இழுத்தார்.