இரண்டாம் கை

சித்திரையில் கம்பளி நூல் கேட்டவளைப்
பாளையங்கோட்டைக் கடைக்காரர்
ஏற இறங்கப் பார்த்தார்.
"ஊட்டிக்கா, கொடைக்கானலுக்கா?"
பேட்டைக்கு, என்றேன்.

பேட்டையில் ஐஸ்கிரீம் குடோன்.
உள்ளே மைனஸ் பதினெட்டு.
வெளியே தார் உருகி
செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும்.

சாம்பல் நிறத்தில் ஒன்பது உருண்டை.
ஒன்று மட்டும் வேறு சாயத் தொட்டி,
வெயிலில் பிடித்தால்தான் தெரியும் என்றார்.
நான் வேலை பார்ப்பது வெயிலில்தான்.

காருகுறிச்சிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவே
என் கேட்.
மணி அடிக்கும், எண் சொல்வார்கள், எழுதிக்கொள்வேன்,
சக்கரம் சுற்றிக் கட்டையை இறக்குவேன்.
செங்கோட்டை பாசஞ்சர் போய்
அடுத்தது வருவதற்குள்
முதுகில் பதினாறு வரிசை ஏறிவிடும்.
ஒரு கண்ணி நேர், ஒரு கண்ணி புரட்டு.
மேல் வரிசையில் நேரின் தலையில் புரட்டு.
தடவிப் பார்த்தால்
தண்டவாளத்தடியில் கொட்டிய சரளை,
பொடிச் சரளை.

நாலு துண்டாகப் பின்னிச் சேர்த்துத் தைப்பது.
முதுகு, மார்பு, கை, கை.
இஷ்டம்போல் மாற்றிக்கொள்ளலாமென்று
புத்தகத்திலேயே போட்டிருக்கிறது.
கழுத்து வட்டமா, கூரா?
தோசையைப் பிய்த்தபடி ஆவுடையப்பன் சொன்னார்:
"வட்டம். குளிரு கழுத்து வழியாத்தான் எறங்குது."
நீளம்?
"குனிஞ்சா முதுகு தெரியக் கூடாது."
பை?
"ஒண்ணு. வலது பக்கம். பேனா வைக்கணும்."

வலது கை முடிந்த அன்று
புத்தகம் அடுத்த வரியில் சொன்னது:
இரண்டாம் கையை முதல் கையைப் போலவே பின்னவும்.

அந்த வரியின்மேல் பென்சிலை வைத்துக்கொண்டு
ஒரு கூட்ஸ் முழுவதும் போகப் பார்த்திருந்தேன்.
நாற்பத்திரண்டு பெட்டி.

அவருக்கு இடது கை
முழங்கைக்குக் கீழே நாலு விரற்கடையில் முடிகிறது.
கடைச் சட்டை எதுவானாலும்
அந்தப் பக்கத்தை மடித்து, மடித்து,
பல்லால் ஊக்கைத் திறந்து குத்திக்கொள்வார்.
உதவப் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.
இனி ஊக்கு எதற்கு என்று நினைத்தேன்.
தூங்கும்போது விரலால் அளந்தேன்.
புத்தகத்தில் கை மணிக்கட்டில் தொடங்கும்;
நான் நடுவில் தொடங்கினேன்,
முனையைப் பைபோல் மூடி.

ஞாயிறு. மின்விசிறி ஐந்தில் ஓட
போட்டுப் பார்த்தார்.
கண்ணாடி முன் அப்படியும் இப்படியும் திரும்பினார்.
"கழுத்து கேட்டே. பை கேட்டே.
இத மட்டும் கேக்கலியே."

கோபமில்லை.
மூடிய கேட்டில் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு
எப்பம்மா தொறப்பே என்பார்களே,
அந்தக் குரல்.

கத்தரியை எடுத்தேன்.
துண்டு துண்டாய்ப் பின்னியதில் ஒரு வசதி,
ஒரு கையைப் பிரித்தால்
மற்ற மூன்றும் பேசாமல் இருக்கும்.
பிரித்துக்கொண்டே கேட்டேன், எவ்வளவு?
"அந்தக் கை அளவுக்கே இருக்கட்டும்.
மடிக்கறத நான் பாத்துக்கிடுதேன்."

ஆகவே மறுபடியும் மணிக்கட்டிலிருந்து.
அந்த வேறு சாயத்து உருண்டை இதில்தான் போகிறது;
குடோனுக்குள் வெயில் இல்லை.
நல்லவேளை, இந்தப் பின்னலுக்கு
உள்ளும் புறமும் ஒன்று.
மடித்தாலும் சரளைதான்.
தையல்தான் காட்டிக்கொடுக்கும்.
மடிப்பு விழும் இடம்வரை அதை
வெளிப்பக்கமாய்ப் போட்டு,
அங்கிருந்து உள்ளே திருப்ப வேண்டும்.
அந்த இடம் எதுவென்று
இந்த முறை கேட்டேன்.
தானே தொட்டுக் காட்டினார்.
சிவப்பு நூல் ஒன்று கட்டி வைத்திருக்கிறேன்.

மணி அடிக்கிறது.
எழுபத்து மூன்றாம் வரிசை,
புரட்டில் நிற்கிறது.