பத்து நாற்பது

அணைத்துவிட்டுத்தான் தொடுவேன்.
எரிகிற திரை தன் அழுக்கைக் காட்டாது;
கறுத்த பிறகுதான் தெரியும்
எத்தனை பேர் விரல் வைத்து
"இதோ நம் படகு" என்றார்கள் என்று.

சிலோயே தீவில் மழை குறுக்கே பெய்யும்.
துறைமுகக் கூடத்தின் கதவு திறக்கும்போதெல்லாம்
உப்பு உள்ளே வருகிறது, டிக்கெட் வாங்காமல்.
மூன்றே நாளில் ஏழு திரைகளுக்கும்
பாலேடு போல் ஓர் ஆடை.

ஜன்னல் துடைக்கும் நீலத் தண்ணீர் கூடாது.
எனக்கு முன்பிருந்த எர்னால்டோ அதைத்தான் அடித்தான்:
நான்காம் திரையில் இன்றும் கண்புரை.
காகிதமும் கூடாது,
மெத்தென்று இருந்தாலும் அது மரம்.
வடிநீர் இரண்டு சொட்டு, துணியில்.
திரையில் தெளித்தால் விளிம்பு வழியே இறங்கி
உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்
கல்யாண வீட்டு மனஸ்தாபம் மாதிரி.
அழுத்தமும் வேண்டாம்.
தூங்குகிறவர் நெற்றியில் காய்ச்சல் பார்க்கிற கை போதும்.

ஐந்தாவதில் ஒரு சிவப்புப் புள்ளி மாட்டிக்கொண்டது.
செத்த புள்ளி கறுப்பாக இருக்கும், அதற்கு வைத்தியமில்லை.
இது சாகவில்லை, பிடிவாதம்.
ஒரு மணி நேரம் நிறங்களை மாற்றி மாற்றி ஓடவிட்டேன்.
போய்விட்டது. ஏனென்று கேட்காதீர்கள்.

மூன்றாவதுதான் தொல்லை. பழைய பிளாஸ்மா.
பதினோரு வருடம் ஒரே வரி, ஒரே இடத்தில்:
கெல்த்தூய் 10:40.
விளக்கையே பார்த்திருந்தால் கண்ணுக்குள் தங்குமே,
அப்படித் தங்கிவிட்டது கண்ணாடிக்குள்.
கெல்த்தூயில் பள்ளியை மூடினார்கள், பிறகு படகை நிறுத்தினார்கள்.
வரியை எடுத்தாயிற்று.
எழுத்து போகவில்லை;
வேறு தீவுகளின் பெயர்களுக்கு அடியில்
சாம்பலாய்க் கிடந்தது.

ஆகஸ்டில் ஒருவர், கூடையில் இரண்டு வாத்துகளோடு,
ஒன்பதரைக்கே வந்து வரிசையில் நின்றார்.
வரிசை என்றால் அவர் மட்டும்.
"கெல்த்தூய்க்குப் படகு கிடையாது, அவுதிலியோ."
"போட்டிருக்கிறதே."
"அது தழும்பு."
"படிக்க வருகிறதே."
பத்து நாற்பத்தைந்துக்கு என்னைத் திரும்பிப் பார்த்தார்,
தாமதம் நான்தான் என்பது போல.

"அழித்துவிடு நோல்ஃபா" என்றாள் மேலாளர்.
அழிக்க முடியாது. இதுதான் யாருக்கும் புரிவதில்லை.
எழுத்து நின்ற இடம் தேய்ந்துவிட்டது,
தேய்ந்தது வளராது.
மற்ற இடங்களையும் அதே அளவு தேய்க்கலாம், அவ்வளவுதான்.
வெறும் வெள்ளையை ஏற்றி விடிய விடிய எரித்தால்
ஒவ்வொரு புள்ளியும் கிழடாகி
அந்தப் பெயரின் வயதை எட்டிப் பிடிக்கும்.

நான்கு இரவுகள்.
ஆளில்லாத கூடத்தில்
உறைபனி விழுந்த வயலை நிறுத்தி வைத்தது போல் ஒரு சுவர்.
காவலாளி அதன் முன் அமர்ந்து வலை பின்னினான்,
குழல்விளக்கைவிட நல்ல வெளிச்சம் என்று.

ஐந்தாம் நாள் அணைத்தேன், ஆறவிட்டேன், துடைத்தேன்.
திரை மொத்தமும் சற்றே மங்கல்.
அது எனக்குத் தெரிந்தால் போதும்.
கெல்த்தூய் இல்லை.
10:40 மட்டும் இருக்கிறது,
எண்கள் ஆழமாய்ப் பதியுமோ என்னவோ.

வியாழக்கிழமை வாத்துக்காரர் வந்தார்.
அண்ணாந்து பார்த்தார்.
"எந்த ஊருக்கு?"
துணியை மடித்தபடி, தெரியவில்லை என்றேன்.
கூடையை இறக்கி வைத்து
உட்கார்ந்துகொண்டார்.