பூசாத கூடம்

மாமன்றக் கூடத்துக்குப்
பூச்சே கிடையாது என்று வரைந்திருந்தார் மெஹர் இரானி.
"எப்பம்மா பூசுவீங்க?"
ஹெல்மெட் தலையில் நிற்காத கவுன்சிலர்
மூன்றாம் முறையும் கேட்டுவிட்டுப் போனார்.

பகலில் லாரிகளுக்கு அனுமதியில்லை.
சிந்தாதிரிப்பேட்டை உறங்கியபின்
பதினொன்றிலிருந்து விடியும்வரை
ஒரே மூச்சில் ஊற்றினோம் மேல்தளத்தை.
நடுவில் நின்றால் ஒட்டு தெரியும்.
யாரும் நிற்கவில்லை.
கூவம் மட்டும் நின்றது, வழக்கம்போல.

பிறகு பதினான்கு நாள்
பாத்தி கட்டித் தண்ணீர்.
நான்காம் நாள் தகர வேலியோரம் குடங்கள்:
பச்சை, ஆரஞ்சு, வாய் உடைந்த ஊதா.
"காங்கிரீட்டுக்கு மட்டுந்தான் தாகமா சார்?"
கேட்டைத் திறந்துவிட்டேன்.
பதிவேட்டில் தினமும்
ஒரு டேங்கர் கூடுதல்.
காரணம்: வெயில்.

சென்ட்ரிங் பிரித்த அன்று
கூரையின் அடியில் மரத்தின் ரேகைகள்,
ஒரு கணு, யாரோ தப்பாய் அடித்த ஆணியின் தழும்பு.
எல்லாம் அவர் நினைத்தபடியே.

படியில் மட்டும்
குடம் வைத்து வைத்து விழுந்த
வட்டக் கறைகள்.
"ஆசிட் போட்டால் போய்விடும் மேடம்."
குனிந்து பார்த்தார்.
பென்சிலை எடுத்து
வரைபடத்தின் படியில்
ஒவ்வொன்றாக வட்டம் போடத் தொடங்கினார்.