ஓடைக்குப் பழசு தெரியாது

ஆனி ஆடிக் கடல்.
வள்ளங்கள் கரையேறிக் கவிழ்ந்து கிடக்க
குளச்சல் கடையில் எஞ்சின்கள் வயிறு திறந்து கிடந்தன.
அந்தச் சும்மா இருப்பில்தான் பிரிஜின் சொன்னான்:
"எக்கா, கடைய நெட்டுல போட்டாச்சு. யாரு வந்து பாக்கது?
ஒரு ஓடை வெட்டி விடுவோம்."

செய்தியோடை என்று அதற்குப் பெயராம்.
புதுப்பொருள் ஒன்றைப் பட்டியலில் ஏற்றினால்
பெயர், விலை, ஒரு படம்
தானே வரியாகி ஓடும்.
வேண்டியவன் தன் மடையைத் திறந்து வைத்திருப்பான்.
வேண்டாதவன் வாசலை நனைக்காது.

வாசல் கதைதான் எனக்குப் பிடித்தது.
காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே
புரப்பல்லர் படம் போட்டுப் போட்டு
ஒன்பது குழுக்களில் நீக்கப்பட்டவள் நான்.

ஏற்றினேன்.
கார்புரேட்டர், ஒன்பது புள்ளி ஒன்பது எஞ்சினுக்கு, கழுவியது.
பிஸ்டன் வளையம், ஒரு ஜோடி.
ஸ்டார்ட்டர் கயிறு, இழுத்துப் பார்த்தாச்சு.
புரப்பல்லர், ஓர் இதழில் பாறை கடித்த தழும்பு உண்டு.

முதலில் 'அருமையான, தரமான' என்றெல்லாம் எழுதினேன்.
தலைப்பில் ஆறு சொல்தான் தெரியும் என்றான் பிரிஜின்.
ஆறு சொல்லில் அருமைக்கு எங்கே இடம்?
வெட்டினேன்.
தழும்பை மட்டும் வெட்டவில்லை.

யார் படிக்கிறார்கள்? தெரியாது.
ஓடை தலை எண்ணிச் சொல்லாது.
நீலக் குறி கிடையாது, கைதட்டும் பொம்மை கிடையாது.
திங்கள்சந்தையில் மீன் கூவி விற்றவள் மகள் நான்.
அங்கே வாங்காதவள்கூட விலை கேட்டுத்
திட்டிவிட்டுத்தான் போவாள்.
இங்கே இரண்டு வருசமாகத்
திட்டக்கூட ஆளில்லை.

பிறகு ஆவணியில் ஒரு செவ்வாய்.
கடியப்பட்டணத்திலிருந்து கியர் பாக்ஸ் ஒன்று, முழுசாக.
நாலாயிரத்து எண்ணூறு என்று நினைத்துக்கொண்டே
நானூற்று எண்பது என்று ஏற்றினேன்.
மூன்றே நிமிடம். கண்டுபிடித்துத் திருத்தினேன்.
கடையில் விலை சரியாச்சு.
ஓடையில் ஆகவில்லை.

"அதே எண்ணுல கெடக்க பொருள
எத்தன தடவ திருத்தினாலும் அது திரும்பிப் பாக்காது எக்கா.
ஓடைக்கிப் புதுசு மட்டுந்தான் கண்ணு."

அன்றைக்குத்தான் ஆட்கள் வந்தார்கள்.
தருவைகுளத்தில் ஒருவர். விழிஞ்ஞத்தில் இரண்டு பேர்.
தங்கச்சிமடத்தில் ஓர் ஒர்க்‌ஷாப்.
"நானூத்தி எண்பதா? நெசமாவா?"
மொத்தம் பதினாலு.
நட்டக் கணக்கைப் பிரிஜின் அட்டையின் பின்புறம் எழுத
நான் ஊர்ப்பெயர்களை எழுதினேன்,
சிரிப்பை அடக்கிக்கொண்டு.

பதினாலாவது, மூக்கையூரிலிருந்து அந்தோணி ரீத்தா:
"ஒரு சைபர விட்டுட்டீங்க போல.
தழும்பக்கூட எழுதுற ஆளு நீங்க,
அதான் கேட்டேன்."

அந்த மூன்று நிமிடத்துக்குள்
விழிஞ்ஞத்துக்காரர் ஒருவர் பணமே கட்டியிருந்தார்.
சொன்ன விலைக்கே அனுப்பினேன்.
சாயங்காலம் வரை பிரிஜின் என்னோடு பேசவில்லை.

ராத்திரி, புது எண் ஒன்று போட்டு
புதுப்பொருள் போலவே ஏற்றினேன்:
திருத்தம். கியர் பாக்ஸ் விற்றுப்போச்சு. சைபர் விட்டது நான்.
விலைக் கட்டத்தைக் காலியாக விட்டால்
பக்கம் சேமிக்க மாட்டேன் என்றது.
விட்டுப்போன சைபரை அங்கே போட்டேன்.

காலையில் ஓர் ஆர்டர் வந்து கிடந்தது.
பொருள்: திருத்தம்.
அளவு: ஒன்று.
முகவரி: அந்தோணி ரீத்தா, மூக்கையூர்.
பார்சல் செலவு எழுபது ரூபாய்
ஒழுங்காகக் கட்டியிருந்தாள்.

பிரிஜின் திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல் ஒரு ஸ்டார்ட்டர் கயிற்றை எடுத்து
இரண்டு தடவை இழுத்துப் பார்த்து
டப்பாவுக்குள் சுருட்டி வைத்தான்.